கரிசல் நிலத்தில் மின்னாளுகை: பயிர்க்காப்பீட்டை முன்வைத்து

முன்னுரை

அரசுச் சேவைகள் இணையவழி ஆக்கப்படும்போது அவற்றின் பயன் எல்லா இடங்களிலும் ஒரே தன்மையதாக அமைவதில்லை. திட்ட வடிவமைப்பில் கருதிக்கொள்ளப்படும் சூழலுக்கும் களத்தின் உண்மைச் சூழலுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே வெற்றி தோல்வியை விளக்கவியலும் என்பதை ரிச்சர்டு ஹீக்ஸ் 2002இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைத்தார். அக்கருத்தைக் கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தின் பயிர்க்காப்பீட்டோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானாவாரியும் பதிவேடும்

இவ்வட்டாரத்தில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி ஆகியன வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிரிடப்படுகின்றன. மழைக்கு முன்னரே விதைப்பதும் உண்டு; முளைப்புத் தவறினால் மறுவிதைப்புச் செய்வர். 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் சேர, கிராம நிர்வாக அலுவலர் வழங்கும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று தேவைப்படுகிறது. மழைக்கேற்ப மாறும் விதைப்பு, இணையதளத்தில் நிலையான ஒரு பதிவாகிவிடுகிறது. கூட்டுப்பட்டா நிலத்திலும் வாய்மொழிக் குத்தகை நிலத்திலும் உழுபவரின் பெயரும் பட்டாதாரரின் பெயரும் வேறுபடக்கூடும். ஊரறிந்த இவ்வேறுபாடு கணினியில் தகவல் முரணாகவே நிற்கும்.

இழப்பை அளக்கும் அலகு

விண்ணப்பம் தனி உழவருக்குரியது. வறட்சி இழப்போ, அறிவிக்கை செய்யப்பட்ட வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டம் முழுமைக்கும் பயிர் அறுவடைச் சோதனைவழிக் கணிக்கப்படுகிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ப் பேரிடர்களில் 72 மணி நேரத்திற்குள் அறிவித்தால் தனி வயல் மதிப்பிடப்படும். வறட்சிக்கு அவ்வாய்ப்பு இல்லை. கரிசலில் மழை திட்டுத்திட்டாகப் பெய்வதால், ஒரே அலகுக்குள் ஒரு புலம் விளையவும் மற்றொன்று கருகவும் கூடும். விண்ணப்பம் விரைவாகச் சென்றாலும் கருகிய புலம் சராசரியில் மறைந்துவிடுகிறது. தொலையுணர்வு வழி விளைச்சல் மதிப்பீடும் 2023இல் நெல், கோதுமை ஆகிய பயிர்களிலேயே தொடங்கியது. மானாவாரிப் பயறுகளில் அன்று.

முடிவுரை

இணையவழி மாற்றம் விண்ணப்பிக்கும் முறையை மாற்றியதேயன்றி, வறட்சி இழப்பை அளக்கும் அலகை மாற்றவில்லை. எனவே பதிவு செய்தோர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இத்தகைய சீர்திருத்தத்தை மதிப்பிடுதல் பொருந்தாது. மறுவிதைப்பைப் பதியும் வசதி, உழுபவரை அடையாளம் காணும் நெகிழ்வு, மழைப்பொழிவின் வேறுபாட்டிற்கேற்ற சிறிய அலகு ஆகியவை அமையும்போதே மின்னாளுகை கரிசல் உழவருக்குப் பயன் தருவதாகும்.