சரவாக் மலைச்சரிவுகளில் மிளகு

‘பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்’ என்பது தமிழர் வழக்கில் உள்ள பழமொழி. ரசம், பொங்கல், மிளகுக்குழம்பு என நம் உணவில் மிளகுக்குத் தனி இடம் உண்டு. சளி பிடித்தாலும் தொண்டை கட்டினாலும் பாட்டி முதலில் தேடுவது மிளகைத்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வந்து சேரும் முன்னர், தமிழர் சமையலில் காரம் என்றால் அது பெரும்பாலும் மிளகின் காரமே. ‘மிளகாய்’ என்னும் பெயரிலேயே ‘மிளகு’ ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்.

மிளகின் தாயகம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை. எனினும், மலேசியாவில் விளையும் மிளகில் ஏறக்குறைய முழுவதும் சரவாக் மாநிலத்திலிருந்தே கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், புரூக் குடும்பத்தினரின் ஆட்சிக் காலத்தில், சீனக் குடியேறிகள் அங்கு மிளகுத் தோட்டங்களைப் பெருக்கினர். பின்னர் இபான், பிடாயு மக்களும் இப்பயிரைத் தங்கள் பயிராக்கிக் கொண்டனர். இன்று மிளகு பயிரிடுவோரில் பெரும்பாலோர் சிறுதோட்டக்காரர்கள். ஒரு குடும்பத்தின் தோட்டம் பல வேளைகளில் ஓர் ஏக்கருக்கும் குறைவாகவே இருக்கும். அதில் சில நூறு மிளகுக்கொடிகள் நிற்கும். பெரிய இயந்திரங்கள் இல்லை. குடும்பத்தினரின் கைகளே எல்லா வேலைகளையும் செய்கின்றன.

கொடியை வளர்த்தல்

மிளகு பற்றிப் படரும் கொடி. அது தானாக நிமிர்ந்து நிற்காது. ஏறிச் செல்ல ஒரு துணை வேண்டும். தமிழ்நாட்டின் ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளில் மிளகுக்கொடி காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் படர்ந்து வளர்கிறது. சரவாக்கிலோ கம்பம் நட்டு அதில் கொடியை ஏற்றுவதே நெடுங்கால வழக்கம். இதற்குப் பெலியான் என்னும் இரும்பு போன்ற உறுதியான மரத்தைப் பயன்படுத்தினர். மழையிலும் வெயிலிலும் அது எளிதில் உளுத்துப் போகாது. ஆனால், பெலியான் மரம் மிக மெதுவாக வளரக்கூடியது. அது அரிதாகிவிட்டதால் கம்பத்தின் விலையும் ஏறிவிட்டது. எனவே, சில தோட்டக்காரர்கள் இப்போது உயிருள்ள மரங்களையே கொடிக்குத் துணையாக நடுகின்றனர்.

விதையிலிருந்து அன்றி, தண்டுத் துண்டுகளிலிருந்தே புதிய கொடிகள் உருவாக்கப்படுகின்றன. நல்ல தாய்க்கொடியிலிருந்து சில கணுக்கள் கொண்ட துண்டுகளை வெட்டி வேர்விடச் செய்து நடுவார்கள். கொடி வளர வளர அதைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகள் விடச் செய்வார்கள். நட்ட ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில்தான் முதல் அறுவடை கிடைக்கும். அதுவரை களை எடுப்பதற்கும் உரம் இடுவதற்கும் செலவு மட்டுமே உண்டு, வருமானம் இல்லை.

மிளகுக்கு மழை தேவை. ஆனால், வேரடியில் நீர் தேங்கக் கூடாது. நீர் தேங்கினால் வேரும் அடித்தண்டும் அழுகும் நோய் பரவும். நேற்றுவரை பசுமையாக இருந்த கொடி சில நாள்களில் வாடி விழுந்துவிடும். மண்ணின் வழியாகவும் மழைநீரின் வழியாகவும் இந்நோய் அடுத்த கொடிக்குத் தாவும். இதனால்தான் தோட்டக்காரர்கள் மலைச்சரிவைத் தேர்ந்தெடுக்கின்றனர்; கொடியின் அடியில் மண்ணை மேடாக அணைக்கின்றனர்; நீர் வடியக் கால்வாய் வெட்டுகின்றனர். எனினும், சரிவான நிலத்தில் மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். நீரையும் வெளியேற்ற வேண்டும், மண்ணையும் காக்க வேண்டும் என்பது அவர்களின் அன்றாடப் போராட்டம்.

கறுப்பா, வெள்ளையா?

கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் வெவ்வேறு செடிகளில் விளைபவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டும் ஒரே கொடியின் காய்களே. பறிக்கும் காலமும் பதப்படுத்தும் முறையும்தான் வேறு.

கறுப்பு மிளகுக்கு, காய்கள் முற்றியும் பச்சையாக இருக்கும்போதே கதிர்களைப் பறிப்பார்கள். காய்களைக் கதிரிலிருந்து பிரித்து, பாய்களில் பரப்பிச் சில நாள்கள் வெயிலில் காய வைப்பார்கள். இபான் மக்களின் நீண்ட வீடுகளில் ‘தஞ்சு’ எனப்படும் திறந்தவெளித் தளம் இதற்கு உதவுகிறது. காயும்போது தோல் கறுத்துச் சுருங்கும். இடையில் மழை வந்தால் உடனே அள்ளி மூட வேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பிடித்துத் தரம் கெட்டுவிடும்.

வெள்ளை மிளகுக்கு, காய்கள் பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். பழங்களைச் சாக்கில் கட்டி, ஓடும் நீரில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஊற வைப்பார்கள். தோல் அழுகி மென்மையாகும். பின்னர் தேய்த்துத் தோலை நீக்கி, நன்கு கழுவிக் காய வைப்பார்கள்.

எது கூடுதல் இலாபம் தரும்? பொதுவாக 100 கிலோகிராம் பச்சைக் காயிலிருந்து ஏறக்குறைய 33 கிலோகிராம் கறுப்பு மிளகு கிடைக்கும். வெள்ளை மிளகோ தோல் நீங்கிவிடுவதால் ஏறத்தாழ 25 கிலோகிராம்தான் தேறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கறுப்பு மிளகு கிலோ 20 ரிங்கிட் என்றும் வெள்ளை மிளகு 30 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். கறுப்பு மிளகில் 660 ரிங்கிட்டும் வெள்ளை மிளகில் 750 ரிங்கிட்டும் கிடைக்கும். வெள்ளை மிளகின் விலை 26 ரிங்கிட்டாகக் குறைந்தால் வருமானம் 650 ரிங்கிட்தான். அப்போது கூடுதல் உழைப்பும் வீண்; பழுக்கக் காத்திருந்த நாள்களில் பறவைகள் தின்ற பழங்களும் நட்டம். கிலோவின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அருகில் தூய்மையான ஓடை இல்லாத குடும்பத்திற்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே குறைவு.

விற்பனையும் விலையும்

காய்ந்த மிளகை மூட்டை கட்டி, அருகிலுள்ள சிற்றூர்க் கடைக்காரரிடம் அல்லது வணிகரிடம் விற்பார்கள். வாங்குபவர் மிளகைக் கையில் அள்ளிப் பார்ப்பார். ஈரம் இருக்கிறதா, காம்பும் தூசியும் கலந்துள்ளனவா, உள்ளீடற்ற பொக்கு மிளகு எவ்வளவு என்று கணிப்பார். கனமான, நன்கு காய்ந்த, தூய்மையான மிளகுக்கே நல்ல விலை. 2007ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய மலேசிய மிளகு வாரியம் ஏற்றுமதிக்கான மிளகைத் தரம் பிரித்தது, விவசாயிகளுக்கு வழிகாட்டியது, சந்தை விலையை அறிவித்தது. அன்றைய விலையை அறிந்த விவசாயி, வணிகர் சொல்லும் விலை நியாயமானதா என ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

ஆனால், அந்த விலை சரவாக்கில் மட்டும் முடிவாவதில்லை. உலகிலேயே அதிக மிளகை விளைவிக்கும் வியட்நாமில் விளைச்சல் பெருகினால், அதன் தாக்கம் சரவாக் மலைச்சரிவிலும் தெரியும். 2015ஆம் ஆண்டளவில் கறுப்பு மிளகு கிலோ 20 ரிங்கிட்டுக்கும் மேல் விற்றது. சில ஆண்டுகளிலேயே அது 10 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கியது.

இங்கேதான் சிறுதோட்டக்காரரின் இக்கட்டு தொடங்குகிறது. விலை உயரும்போது பலரும் ஆர்வத்தோடு புதிய கொடிகளை நடுகின்றனர். அவை காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிற நாட்டாரும் அவ்வாறே நட்டிருப்பார்கள். சந்தையில் மிளகு குவிந்து விலை சரியும். விலை சரிந்தால் உரம் வாங்கப் பணம் இராது. கவனிப்பின்றிக் கொடிகள் நலியும். மீண்டும் விலை ஏறும்போது விற்பதற்குப் போதிய மிளகு இராது.

இந்தச் சுழலைச் சமாளிக்க மிளகின் ஓர் இயல்பு கைகொடுக்கிறது. நன்கு காய்ந்த மிளகு எளிதில் கெடாது. ஆகவே, சில குடும்பங்கள் எல்லாவற்றையும் உடனே விற்றுவிடாமல் சில மூட்டைகளைச் சேமித்து வைக்கின்றன. விலை ஏறும்போதோ, பிள்ளைகளின் பள்ளிச் செலவு வரும்போதோ ஒரு மூட்டையை எடுத்து விற்கின்றன. வீட்டு மூலையில் இருக்கும் மிளகு மூட்டை அவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு போன்றது. மிளகை மட்டும் நம்பாமல் நெல், இரப்பர், பழமரங்கள் ஆகியவற்றையும் பயிரிடுவது மற்றொரு பாதுகாப்பு.

எனினும், உடனடியாகப் பணம் தேவைப்படும் குடும்பத்தால் விலை ஏறும் வரை காத்திருக்க இயலாது. கடனை அடைக்க வேண்டியவர் அன்றைய விலைக்கே விற்றாக வேண்டும். ஒரே தரமான மிளகை விளைவித்த இருவரில் ஒருவர் இலாபமும் மற்றவர் நட்டமும் அடைவதற்குக் காரணம், பல வேளைகளில் உழைப்பு அன்று, காத்திருக்கும் வசதியே. விவசாயிகள் ஒன்றுசேர்ந்து விற்பதும், மிளகைத் தூளாக்கிப் பொட்டலமிட்டுத் தாங்களே சந்தைப்படுத்துவதும் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கக்கூடிய வழிகள்.

அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஒரு பிடி மிளகுக்குப் பின்னால் மூன்று ஆண்டுக் காத்திருப்பும், மழையோடு நடத்திய போட்டியும், விற்பதா வைத்திருப்பதா என்ற கடினமான முடிவும் இருக்கின்றன. அதன் விலையைக் கடையில் பார்க்கும்போது, அதில் எவ்வளவு பங்கு கொடியை வளர்த்தவர் கைக்குச் சேர்கிறது என்று கேட்பதும் நம் கடமையே.