ஆஸ்பத்திரி கட்டுறதுன்னா ஒரு ஃபைல் இல்ல, மூணு ஃபைல்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "அக்கா, நீங்க கவர்ன்மென்ட்ல என்னதான் வேலை பார்க்கறீங்க?" எங்க அம்மாவும் இதே கேள்வியை நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு தரப்புக்கும் சேர்த்தே இன்னிக்குப் பதில் சொல்லிடறேன்.

என் அடையாள அட்டையில 'கொள்கை ஆலோசகர்'னு போட்டிருக்கு. நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர் இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரியும் இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டும்போது இந்த மூணு பேரும் மூணு பாஷை பேசுவாங்க. டாக்டர் பெட் கணக்குல பேசுவார். இன்ஜினியர் சதுர மீட்டர்ல பேசுவார். செயலகத்துல ரூபாய்ல பேசுவாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடுத்து, "இதைச் செய்யலாம், அதைச் செஞ்சா இந்தப் பிரச்சினை வரும்"னு குறிப்பு வைக்கறது என் வேலை. கையெழுத்துப் போடற அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனா கையெழுத்துப் போடறவங்க நான் எழுதின குறிப்பைப் படிச்சுட்டுத்தான் போடுவாங்க. அதனால ஏதாவது தப்பா போச்சுன்னா "நான் வெறும் ஆலோசகர்தானே"ன்னு நழுவ முடியாது. அப்படி நான் செஞ்ச ஒரு தப்பை வெச்சுத்தான் இந்த எபிசோடு.

ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை. ஊர்ப் பேரு வேண்டாம். அங்கே தாய் சேய் நலத்துக்குன்னு தரைத்தளமும் மூணு மாடியுமா ஒரு புது பிளாக். நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். எஸ்டிமேட் வந்து பார்த்தா, ஒதுக்கின தொகையைத் தாண்டியிருந்தது. இது ஒண்ணும் அபூர்வம் இல்லை. முதல்ல போடற தோராய மதிப்பீடு, சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு பெருக்கிப் போடறது. மண் பரிசோதனை முடிஞ்சு, வரைபடம் முடிஞ்சு, விரிவான மதிப்பீடு போடும்போதுதான் நிஜக் கணக்கு தெரியும். கூடுதல் பணம் வேணும்னு கேட்டா ஃபைல் மறுபடியும் முதல் படியில இருந்து ஏறணும். மாசக்கணக்கா ஆகும். இல்லைன்னா எதையாவது வெட்டணும்.

எதை வெட்டலாம்னு என்னைக் கேட்டாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல கை வைக்க முடியாது, பச்சைக்குழந்தைங்க ஐ.சி.யு.வுல கை வைக்க முடியாது. பட்டியல்ல கீழே வந்தா, 'உடனிருப்போர் தங்கும் கூடம், கழிவறையுடன்'னு ஒரு வரி. அதுக்குப் பக்கத்துல பென்சிலால 'சிகிச்சை சார்ந்தது அல்ல'ன்னு எழுதினேன். ரெண்டாவது பெட் லிஃப்ட்டுக்குப் பக்கத்துல 'குழி மட்டும் இப்போது, லிஃப்ட் பிறகு'ன்னு எழுதினேன். கணக்கு கச்சிதமா உள்ளே வந்துடுச்சு. அன்னிக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருந்ததுன்னும் சொல்லிடணும்.

அந்தக் கூட்டத்துல செயற்பொறியாளர் ஒரே ஒரு தடவை கேட்டார். "மேடம், கூட வர்ற ஆளுங்க எங்க படுப்பாங்க?"

"பழைய பிளாக் காலியாத்தானே சார் இருக்கும்"னு சொன்னேன்.

அவர் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

இந்த இடத்துல கதையைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு விஷயம் சொல்லணும். ஆஸ்பத்திரிங்கறது படுக்கை போட்ட ஆபீஸ் கட்டடம் இல்லை. சென்னை ஓமந்தூரார் வளாகத்தைப் பார்த்திருப்பீங்க. 2010 மார்ச்சுல சட்டமன்றம், தலைமைச் செயலகத்துக்குன்னு திறந்த கட்டடம் அது. 2014 பிப்ரவரியில பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையா திறந்தாங்க. வெளியில இருந்து பார்த்தா அதே கட்டடம்தான். ஆனா ஆபீஸ்ல ஆக்ஸிஜன் குழாய் இருக்காது. தியேட்டருக்குத் தனியா வடிகட்டின காத்து வராது. ஸ்ட்ரெச்சர் நுழையற லிஃப்ட் இருக்காது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் குறைஞ்சது 2.4 மீட்டர் அகலம் இருக்கணும்னு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. எதுக்குன்னா, எதிரும் புதிருமா ரெண்டு ஸ்ட்ரெச்சர் வந்தா உரசாம போகணும், தீப்பிடிச்சா படுக்கையோட ஆளை வெளியே தள்ளிக்கிட்டு வரணும். 2021-ல ரெண்டாவது அலையப்போ பல ஆஸ்பத்திரிகள்ல இன்னொரு பாடமும் கிடைச்சது. டேங்க்ல ஆக்ஸிஜன் இருந்தாலும், பழைய கணக்குக்குப் போட்ட மெல்லிய குழாய்ல ஒரே நேரத்துல அத்தனை பெட்டுக்கும் அழுத்தம் போதலை. செவுத்துக்குள்ள இருக்கற ஒரு குழாயோட விட்டம் என்னன்னு அதுவரைக்கும் யாரு கவலைப்பட்டோம்?

சரி, இப்போ தலைப்புக்கு வர்றேன். புது ஆஸ்பத்திரி வருதுன்னு செய்தியில படிக்கறோம்ல, அது கட்டட ஃபைல் மட்டும்தான். மருத்துவமனையில இருந்து கோரிக்கை வரும், இயக்குநரகம் பரிந்துரைக்கும், பொதுப்பணித் துறை மதிப்பீடு போடும், நிதித் துறை பார்க்கும், அரசாணை வரும். அப்புறம் தொழில்நுட்ப ஒப்புதல், 1998-ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். சிவில் வேலை ஒரு பிரிவு, மின்சாரம் இன்னொரு பிரிவு. இது ஒரு ஃபைல்.

கருவிகளுக்கு இன்னொரு ஃபைல். ஸ்கேன் மெஷின், மானிட்டர், வார்மர் எல்லாம் மருத்துவப் பணிகள் கழகம் வழியா வரணும். 1994-ல மருந்து கொள்முதலுக்காக ஆரம்பிச்ச கழகம் அது, இப்போ கருவியும் வாங்கிக் கொடுக்குது.

மூணாவது ஃபைல் ஆட்களுக்கு. எத்தனை டாக்டர், எத்தனை ஸ்டாஃப் நர்ஸ், எத்தனை துப்புரவுப் பணியாளர், லிஃப்ட் ஓட்ட யாரு, ராத்திரி ஜெனரேட்டர் போட யாரு. மூணு ஃபைல்ல ரொம்ப மெதுவா நகர்றது இதுதான்.

ஏன்னு கேட்டா உடனே "அதிகாரிங்க சரியில்லை"ன்னு சொல்லிடுவோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். காரணம் வேற. கட்டடம் மூலதனச் செலவு. ஒரு தடவை செலவழிச்சா முடிஞ்சது, கடன் வாங்கியும் கட்டலாம், வெளிநாட்டு வங்கிகளும் கொடுக்கும், திறப்பு விழா ஃபோட்டோவும் வரும். ஒரு நர்ஸ் பணியிடம் வருவாய்ச் செலவு. இன்னிக்கு ஒப்புதல் கொடுத்தா அடுத்த முப்பது வருஷம் சம்பளம், அதுக்கப்புறம் ஓய்வுக்காலப் பணம். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்கணும்னு நிதிப் பொறுப்புச் சட்டமே சொல்லுது. நிதித் துறையில உட்கார்ந்திருக்கறவர் இடத்துல நான் இருந்தாலும் பேனாவை மெதுவாத்தான் எடுப்பேன். "கட்டடம் முதல்ல முடியட்டும், பார்க்கலாம்"னு அவர் சொல்றது சோம்பேறித்தனம் இல்லை. ஆனா அந்த 'பார்க்கலாம்' ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில ராத்திரி ரெண்டு மணிக்கு என்னவா மாறுதுன்னு அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நேர்மாறாவும் நடக்கும். மதுரை எய்ம்ஸ் உங்களுக்கே தெரியும், அந்தச் செங்கல் மீம் பார்க்காதவங்க இருக்க முடியாது. 2019 ஜனவரியில அடிக்கல் நட்டாங்க. ஜப்பானின் ஜைக்கா கடனை நம்பின திட்டம், கடன் ஒப்பந்தம் 2021-ல தான் ஆச்சு. நடுவுல 1,264 கோடியா இருந்த மதிப்பீடு 1,977 கோடியைத் தாண்டுச்சு. கட்டுமானம் 2024-ல தான் ஆரம்பிச்சது. ஆனா முதல் பேட்ச் 50 மாணவர்கள் 2022-லேயே சேர்ந்துட்டாங்க, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில உட்கார்ந்து படிச்சாங்க. அங்கே ஆள் வந்தாச்சு, கட்டடம் வரலை. இன்னொரு பக்கம் கிண்டி கிங் நிலைய வளாகத்துல 1,000 படுக்கை ஆஸ்பத்திரி, 2022 மார்ச்சுல அடிக்கல், 2023 ஜூன்ல திறப்பு. நிலம் அரசோட கையிலேயே இருந்தது, பணமும் மாநிலத்தோடது, முடிவெடுக்கறவங்க எல்லாம் ஒரே ஊர்ல. இதை வெச்சு யார் நல்லவங்கன்னு சண்டை போடறது சுலபம். என் தொழில்ல இருந்து பார்த்தா, ஃபைல் எத்தனை வாசல் ஏறி இறங்குதுங்கறதுதான் பாதி பதில்.

திரும்ப அந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போவோம். கட்டடம் முடிஞ்சு, திறந்து, ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை. வேற ஒரு வேலையா அந்த ஊருக்குப் போயிருந்தேன், ராத்திரி பஸ் தாமதம். சும்மா ஒரு எட்டு நம்ம கட்டடத்தைப் பார்த்துட்டு வரலாமேன்னு உள்ளே போனேன். 'நம்ம' கட்டடம், பார்த்துக்கோங்க.

ராம்ப் முழுக்க ஆளுங்க. பாய், பிளாஸ்டிக் சாக்கு, தூக்குவாளி, ஃபிளாஸ்க். கைப்பிடிக் கம்பியில யாரோ சேலையில தூளி கட்டி ஒரு குழந்தையைப் போட்டிருந்தாங்க. பழைய பிளாக்? பாதுகாப்பில்லைன்னு சர்டிஃபிகேட் கொடுத்துப் பூட்டிட்டாங்க. வெளியில மழை. பின்ன எங்கே போவாங்க?

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்காரவளா நீ?"ன்னு ஒரு ஆத்தா கேட்டாங்க. மருமகளுக்கு மூணாவது மாடியில பிரசவம் ஆகி ரெண்டு நாளாம். "கக்கூசு மட்டும் எங்கிட்டிருக்குன்னு சொல்லு தாயி, மூணு மாடி ஏறி எறங்க முடியல."

நான் பென்சிலால அடிச்ச வரியில கழிவறையும் இருந்தது.

அடுத்த பத்து நிமிஷத்துல மேல இருந்து ஒரு சத்தம். "எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க, வழி விடுங்க!" பிரசவம் முடிஞ்ச ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கலை. மூணாவது மாடி வார்டுல இருந்து முதல் மாடி தியேட்டருக்குக் கொண்டுபோகணும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைக் கவனிக்காம விட்டா நல்லா ஆரோக்கியமா இருக்கற பொண்ணைக்கூட ரெண்டு மணி நேரத்துல கொன்னுடும். லிஃப்ட் ஒண்ணுதான். அதுக்கு ராத்திரி ஆபரேட்டர் கிடையாது, சாவி பகல் டூட்டி ஆளோட வீட்டுல. பணியிடம் ஃபைல்ல தூங்கிக்கிட்டு இருந்தது. அதனால ஸ்ட்ரெச்சர் ராம்ப்ல வருது. ரெண்டு நர்ஸ், ஒரு பயிற்சி டாக்டர், அந்தப் பொண்ணோட புருஷன். தூங்கிக்கிட்டிருந்தவங்க அரைத் தூக்கத்துல பாயைச் சுருட்டறாங்க, ஒரு தூக்குவாளி உருண்டு சக்கரத்துல மாட்டிக்குது, தூளியில இருந்த குழந்தையை யாரோ எடுக்கறாங்க. திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் நின்னுபோச்சு. நான் பண்ணினது, ஒரு சாக்கு மூட்டையை இழுத்து ஓரமா போட்டது மட்டும்தான்.

அந்தப் பொண்ணு பிழைச்சிருச்சு. காலையில நர்சிங் சூப்பரின்டென்டென்ட் சிஸ்டரைப் பார்த்து நான் யாருன்னு சொன்னேன். அவங்க கோபப்படலை. "மேடம், பேஷண்ட்டுக்குக் கூட ஒரு பொம்பளை கட்டாயம் வரணும்னு நீங்கதான் சொல்றீங்க. வந்தா உட்கார இடம் இல்லாம கட்டறதும் நீங்கதான்"னு டீயைக் கையில கொடுத்துக்கிட்டே சொன்னாங்க. நியாயம்தான். பிரசவத்துல உறவுக்காரப் பெண் ஒருத்தர் பக்கத்துல இருக்கலாம்னு 2000-களின் நடுவிலேயே தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல கொண்டுவந்துட்டாங்க. சாப்பாடு வாங்க, மருந்துச் சீட்டைத் தூக்கிட்டு ஓட, ரத்தம் கொடுக்க, ராத்திரி குழந்தையைப் பார்த்துக்க, எல்லாத்துக்கும் கூட வந்த ஆளைத்தான் நம்பி நம்ம ஆஸ்பத்திரி நடக்குது. அவங்களை 'சிகிச்சை சார்ந்தது அல்ல'ன்னு நான் எழுதியிருந்தேன்.

அதுக்கப்புறம் என் வேலை முறையில ரெண்டு விஷயம் மாத்தினேன். எந்த எஸ்டிமேட்டுக்கும் குறிப்பு எழுதறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி உட்கார்ந்துட்டு வர்றேன். பகல்ல போனா டீன் ரூம்ல முந்திரி பிஸ்கட் கொடுத்து, பெயின்ட் அடிச்ச வார்டு காட்டுவாங்க. ராத்திரி போனாத்தான் யாரு எங்கே படுக்கறாங்க, எந்தக் கதவு பூட்டியிருக்கு, எந்தக் குழாய்ல தண்ணி வரலைன்னு தெரியும். ரெண்டாவது, கட்டட ஃபைலோட கடைசியில ஒரு தாள் சேர்க்கறேன். இந்தக் கட்டடம் திறந்த நாள்ல இருந்து எத்தனை ஆள் வேணும், கரன்ட் பில்லு, ஆக்ஸிஜன், லிஃப்ட் பராமரிப்பு, துப்புரவு எல்லாம் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும். விதிப்படி அந்தத் தாள் அவசியம் இல்லை. "இது எதுக்கும்மா இப்போ?"ன்னு ரெண்டு தடவை கழட்டித் திருப்பி அனுப்பியிருக்காங்க. மூணாவது தடவை ஒருத்தர் அதைப் படிச்சுட்டு, நாலு மாடியை மூணு மாடியாக்கி, மிச்சத்துல ஆள் போடலாமான்னு கேட்டார். அந்த ஃபைல் இன்னும் முடியலை, அதனால அதைப் பத்தி இப்போ பேசக் கூடாது.

அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில இப்போ ராத்திரி லிஃப்ட்டுக்கு ஒப்பந்தத்துல ரெண்டு பேர் இருக்காங்க. கேன்டீன் பக்கத்துல ஒரு தகர ஷெட் போட்டிருக்காங்க, வெயில்ல அங்கே உட்கார முடியாது. கூடம் கட்டறதுக்குப் புதுசா ஒரு ஃபைல் அனுப்பினோம். போன வாரம் அது ஒரு கேள்வியோட திரும்பி வந்திருக்கு. 'முதல் மதிப்பீட்டிலேயே இது ஏன் சேர்க்கப்படவில்லை?'

பதில் நான்தான் எழுதணும். திங்கட்கிழமைக்குள்ள.