பரணில் கிடக்கும் பிலிம்

வரப்பில் வழுக்கி விழுந்த பெரியவருக்கு உத்திரமேரூரில் ஓர் இடுப்பு எக்ஸ்ரே. வலி குறையவில்லை என்று காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போனால் இன்னொன்று. சென்னைக்குப் போனால் மூன்றாவது. முதல் பிலிம் எங்கே? வீட்டுப் பரணில்.

ஓர் இடுப்பு எக்ஸ்ரேயில் உடம்பில் சேரும் கதிர்வீச்சு சுமார் 0.6 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் வழியாக ஓராண்டில் இயல்பாகவே நம்மேல் படுவது உலகச் சராசரியில் 2.4. ஆக, மூன்று மாதக் கணக்கு. இதற்குப் பயந்து, எலும்பு முறிந்தவர் படம் வேண்டாம் என்றால் அதுதான் ஆபத்து. சி.டி. எடுத்தால் கணக்கு வேறு: இடுப்புக்கு மட்டும் சுமார் 6 மில்லிசீவர்ட், பத்து எக்ஸ்ரேக்குச் சமம். புற்றுநோய் அபாயம் மிகச் சிறிதுதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கூடும், குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல்.

நம் ஊரில் எல்லாமே 'ஸ்கேன்'தான். குழப்பமே அங்குதான். கர்ப்பிணிக்கு வயிற்றில் ஜெல் தடவிப் பார்ப்பது ஒலி அலை. அதில் கதிர்வீச்சே கிடையாது. எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை. சி.டி.யில் உண்டு. அதனால் "ஸ்கேன் எடுக்கணும்" என்றால், "எந்த ஸ்கேன் டாக்டர்?" என்று கேளுங்கள். "ஒலி அலையில பார்த்தா போதாதா?" என்றும் கேட்கலாம், தப்பில்லை.

நாள் தள்ளிப் போயிருந்தால், படம் எடுப்பவரிடம் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைப்பேறுக்காகக் கருக்குழாய் எக்ஸ்ரே எடுப்பதானால், மாதவிலக்கு தொடங்கிய பத்து நாளுக்குள் எடுப்பதே வழக்கம். கர்ப்பம் தெரியாமல் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டதாலேயே கருவைக் கலைக்க வேண்டியதில்லை. கருவுக்குப் போவது சராசரியாக 1 மில்லிகிரே அளவுதான். 100க்குக் கீழே இருந்தால் அதைக் காரணமாக்கிக் கலைக்கக் கூடாது என்பதே சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. யாராவது அவசரப்படுத்தினால், மகப்பேறு மருத்துவரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

எக்ஸ்ரே கருவி வைத்திருக்க, 2004 விதிகளின்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கதவைத் திறந்துபோட்டுப் படம் எடுத்தாலோ, அடுத்த நோயாளியை உள்ளேயே நிற்க வைத்தாலோ வாரியத்துக்கு எழுதலாம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. காசு வாங்கிய இடத்தில் சேவைக் குறைபாடு என்றால், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் இப்போதைய பிலிம்கள் சூட்டில் கறுத்துப்போகும். எடுத்து, தேதி எழுதி, மஞ்சப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். அடுத்த முறை டாக்டர் கேட்கும் முன்பே மேஜைமேல் எடுத்து வையுங்கள்.