ஒரு விரல் அளவுத் துளை

கனடாவில் எட்மன்டனுக்கு வெளியே, வீட்டின் பின்புறத்தில் முதல் தேன்பெட்டியை வைத்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மார்த்தாண்டத்துப் பெண் நான். ரப்பர்த் தோட்டத்துக்குள் அப்பாவின் பெட்டிகளுக்கு நடுவே ஓடித் திரிந்தவள். எனக்கா தேனீ தெரியாது?

தெரியவில்லை. அப்பா வளர்த்தது இந்தியத் தேனீ. தை, மாசியில் ரப்பர் தளிர்விட்டால் இலைக்காம்பில் ஊறும் தேனைக் கொண்டுவந்து சேர்க்கும். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைத்தால் சமாளித்துவிடும். இங்கே ஐரோப்பியத் தேனீ. பெட்டியும் பெரிது, பசியும் பெரிது. மே மாதம் டேன்டலியன், ஜூலையில் கனோலாவும் க்ளோவரும். செப்டம்பரோடு சரி. அதன்பின் ஏறக்குறைய ஆறு மாதம் பூ என்ற பேச்சே இல்லை.

அந்த ஆறு மாதமும் அவை தூங்குவதில்லை. இராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் நெருக்கிக்கொள்ளும். சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்கும். வெளியே மைனஸ் 30 என்றாலும் பந்தின் நடுவே 20 டிகிரிக்குக் குறையாது. புழு வளர்க்கத் தொடங்கிவிட்டால் 35-ஐத் தொடும். இந்த அடுப்புக்கு விறகு தேன்தான். ஒரு பெட்டிக்கு 30 கிலோவுக்கு மேல் விட்டுவைக்க வேண்டும். கோடையில் பிறந்த வேலைக்காரத் தேனீ ஆறு வாரத்தில் செத்துப்போகும். இலையுதிர்காலத்தில் பிறந்தது வசந்தம்வரை தாக்குப்பிடிக்கும்.

முதல் நவம்பரில் பெட்டியைப் பிள்ளையைப் போர்த்துவதுபோல் போர்த்தினேன். மேலே இருந்த துளையையும் துணி வைத்து அடைத்தேன். மார்ச்சில் திறந்தால், நனைந்து பூசணம் பிடித்த குவியல். அடையில் தேன் அப்படியே இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பனியையே பார்க்காத மனிதர்.

"பூட்டிப் போட்டா மூச்சு முட்டாதா, மக்களே?"

அதேதான். அவை விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த மூடியில் பட்டு, நீராகி, அவற்றின்மேலேயே சொட்டுகிறது. உலர்ந்த தேனீ குளிரைத் தாங்கும், நனைந்தது தாங்காது.

ஈரம் மட்டுமே கொன்றது என்று சத்தியம் செய்யமாட்டேன். வரோவா உண்ணியை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அரைக் கோப்பைத் தேனீயை, சுமார் 300 இருக்கும், ஆல்கஹாலில் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ண வேண்டும். எண்ணுவதற்காகக் கொல்வதா என்று அப்பா பதறுவார் என நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தொண்ணூறுகள்ல அந்த வைரஸ் வந்து நம்ம பெட்டி எல்லாம் காலியாச்சுல்லா. அப்போ எண்ணிப் பாக்க ஒரு வழியும் இல்ல" என்றார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே எண்ணி, மருந்து வைத்தேன். செப்டம்பரில் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பாகு. தாமதித்தால் அந்த நீரை வற்றவைக்க அவற்றுக்குச் சூடு போதாது. மூடிக்கு அடியில் தடிமனான தெர்மோகோல். மேலே விரல் நுழையும் துளை, திறந்தபடி. பிறகுதான் கஷ்டமான வேலை: பெட்டியைத் தொடாமல் இருப்பது. ஜனவரியில் சில நாள் காதை மட்டும் பலகையில் வைத்துக் கேட்பேன். தூரத்து மோட்டார்போல ஒரு முனகல்.

மார்ச்சில் வெயிலடித்த ஒரு மதியம், பனிமேல் மஞ்சள் புள்ளிகள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை வெளியே பறந்து வந்து கழித்திருக்கின்றன. பெட்டிக்குள் அசிங்கம் செய்யாது தேனீ. நான் துள்ளிக் குதித்தேன். என் கணவர் அவருடைய வெள்ளைக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, வாளியை என் கையில் கொடுத்தார்.