கேம் மாஸ்டரே, கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காருங்க

ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல பகடை உருளுற சத்தம் கேட்டிருந்தா, அது எங்க ரூம்தான். டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம்னா என்னனு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: நாலஞ்சு பேர் ஆளுக்கொரு கதாபாத்திரமா பேசி விளையாடுவாங்க. ஒருத்தர் மட்டும் கதையையும் எதிரிகளையும் விதிகளையும் கையில வச்சு ஆட்டத்தை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். நினைச்ச காரியம் நடக்குமா இல்லையானு பகடை சொல்லும்.

ரெண்டு வருஷமா நான்தான் கேம் மாஸ்டர். போன வருஷம் நம்ம திருமயம் கோட்டையை வச்சு ஒரு கதை எழுதினேன். 1687-ல சேதுபதி மன்னர் கட்டினது, சுத்தி மதில், உச்சியில பீரங்கி. இதைவிட நல்ல மேப் எங்க கிடைக்கும்? ரகசியக் கதவோட சாவியை அந்த பீரங்கிக்குள்ள ஒளிச்சு வச்சேன். யாரும் மேல ஏறவே இல்ல. ரெண்டு மணி நேரம் கீழ் வாசல்லயே சுத்தினாங்க. "இதுகூட தோணலையா?"னு எனக்குக் கோபம். அடுத்த வாரம் அஞ்சு பேர்ல ரெண்டு பேர்தான் வந்தாங்க.

அப்புறம் ஒரு ஜூனியர் நடத்தின ஆட்டத்துல சும்மா பிளேயரா உட்கார்ந்தேன். எத்தனை வீடியோ பார்த்தும் புரியாத மூணு விஷயம் அங்க புரிஞ்சது.

முதல்ல, காத்திருப்பு. கேம் மாஸ்டருக்கு எப்பவும் வேலை இருக்கும், நேரம் போறது தெரியாது. சண்டையில அஞ்சு பிளேயர், ஆளுக்கு மூணு நிமிஷம்னா, என் முறை திரும்ப வர 12 நிமிஷம். எதிரிகளோட முறையையும் சேர்த்தா இன்னும் அதிகம். நானே போனை நோண்ட ஆரம்பிச்சேன். அதே காரணத்துக்கு மத்தவங்களைத் திட்டினது ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது, தகவல். "கிணத்தடியில ஈரமான கால்தடம்"னு ஜூனியர் சொன்னான். நான் காதுலயே வாங்கல. அதுதான் முக்கியமான துப்பு! நடத்துறவருக்குப் பளிச்சுனு தெரியுறது, கேட்கிறவருக்கு நூறு வரியில ஒரு வரி. இப்போ நான் முக்கியமான எதையும் ஒரே இடத்துல ஒளிச்சு வைக்கிறதில்ல. அதைக் கண்டுபிடிக்க மூணு வழியாவது வைக்கிறேன்.

மூணாவது, தோல்வி. பூட்டைத் திறக்கப் போனேன், பகடை தப்பா விழுந்துச்சு. "முடியல, அடுத்து யாரு?"னு அவன் நகரல. "பூட்டு திறந்துடுச்சு, ஆனா சத்தம் கேட்டு காவலாளி வர்றான்"னான். தோத்தாலும் கதை நகர்ந்துச்சு.

இந்த விளையாட்டே இப்படித்தான் பிறந்துச்சு. 1969-ல அமெரிக்காவுல, மினசோட்டா மாநிலத்துல, டேவிட் வெஸ்லி 'பிரவுன்ஸ்டைன்'னு ஒரு போர் விளையாட்டு நடத்தினார். ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். ஆளாளுக்கு ஒரு பக்கம் போக, ஆட்டம் சொதப்பிடுச்சுனு நினைச்சார். விளையாடினவங்களோ மறுபடி எப்போனு கேட்டாங்க. அவர்கிட்ட பிளேயரா இருந்த டேவ் ஆர்னிசன், 1971-ல 'பிளாக்மூர்' ஆட்டத்தை நடத்தினார். 1972-ல அதை விளையாடிப் பார்த்த கேரி கைகாக்ஸ், அப்புறம் தன்னோட 'கிரேஹாக்' ஆட்டத்தை நடத்தினார். 1974-ல அவங்க ரெண்டு பேரும் எழுதின 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்துச்சு. ஒவ்வொருத்தரும் முதல்ல இன்னொருத்தர் மேசையில பிளேயரா உட்கார்ந்தவங்கதான்.

ஒரு எச்சரிக்கை: அங்க போய் "ரூல் அப்படி இல்ல தம்பி"னு ஆரம்பிச்சுடாதீங்க. ஆட்டம் அவரோடது. முடிஞ்சதும் மூணு வரி எழுதுங்க: எங்க சிரிச்சேன், எங்க போர் அடிச்சுது, எங்க குழம்பினேன். அதுதான் உங்க அடுத்த ஆட்டத்துக்கான பாடம்.

மே மாசம் நாங்க கிளம்பிடுவோம். இந்த செமஸ்டர் முழுக்க ஜூனியர்ஸ்தான் நடத்துறாங்க, நான் பிளேயர். திருமயம் கதையையும் அவங்களே திருத்தி எழுதியிருக்காங்க. சாவி எங்க இருக்குனு இப்போ எனக்கே தெரியாது. வர்ற சனிக்கிழமை தேடப் போறோம். ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு, வாங்க.