பாதியில் கரண்ட் போனால், பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு என்ன செய்யும்? உங்களுக்குத் தெரியுமா?

லினக்ஸ் ரெய்டில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்கென ஒரு நிகழ்வு எண் வைத்திருக்கிறது. கரண்ட் போய் ஒரு டிஸ்க்கின் எண் மற்றவற்றைவிட 1 குறைந்தால் கெர்னல் மன்னித்துவிடும். அதற்கு மேல் குறைந்தால் பொதுவாக வெளியேற்றம்தான். டிஸ்க் பழுதாகவே இல்லாவிட்டாலும்!

எழுதும் வேலை நின்று வெறும் 200 மில்லி விநாடி கழிந்தால் போதும். ரெய்டு தன்னைச் 'சுத்தம்' என்று குறித்துக்கொள்ளும். கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட அதிகமாகலாம்!

ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் காணோம், ஷட்டவுனும் சரியாக நடக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்? கெர்னல் அந்த ரெய்டைத் தொடங்கவே மறுக்கும்! தப்பான டேட்டா தருவதைவிட நிற்பதே மேல் என்பது அதன் கொள்கை!

இது ரெய்டு டிஸ்க்தான் என்று லினக்ஸுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு குறிப்பிட்ட எண்தான் அடையாளம். அந்த எண்: 2,83,81,87,772!

டிஸ்க்குகளை மீண்டும் ஒன்றுபோல ஆக்கும் மறு ஒத்திசைவுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 1,000 கிலோபைட். இந்த வேகத்திலேயே ஓடினால், 4 டெராபைட் டிஸ்க் முடிய 45 நாள்! பிட்மேப் வசதி இருந்தால் மாறிய இடங்களை மட்டும் பார்த்துச் சில நிமிடங்களில்கூட முடித்துவிடும்!

'எம்டி0' என்று நீங்கள் பெயர் வைத்த ரெய்டு, பூட் ஆனதும் 'எம்டி127' என்று எழுந்து நிற்கலாம்! கன்ஃபிக் ஃபைலில் பெயர் இல்லையென்றால், எண்ணிக்கை 127-ல் தொடங்கிக் கீழே இறங்கலாம்!

அந்த கன்ஃபிக் ஃபைலுக்கு, பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் இன்னொரு பிரதி உண்டு. வெளியே திருத்திவிட்டு உள்ளே புதுப்பிக்காவிட்டால், பூட் ஆகும்போது பழைய பிரதிதான் பேசும்!

ரெய்டு 1-ல் டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது. பூட் லோடரான க்ரப் மட்டும் ஒன்றில்! அந்த ஒன்று போனால், முழு டேட்டாவும் பத்திரமாக இருந்தும் மெஷின் எழாது! இரண்டிலும் க்ரப் போட்டால் பிரச்சினையே இல்லை!

ரெய்டு பற்றிய தகவலைத் தாங்கும் மெட்டாடேட்டாவின் 1.0 வடிவம் டிஸ்க்கின் கடைசியில் உட்காரும். அதனால், ரெய்டு என்றாலே என்னவென்று தெரியாத பழைய க்ரப்கூட ரெய்டு 1-லிருந்து பூட் செய்துவிடும்!

ரெய்டு என்ற கருத்தை உலகுக்குச் சொன்னது 1988-ல் வெளிவந்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை. அதில் இருந்தவை 5 நிலைகள்!

கடைசியாக ஒன்று. பூட் ஆகாத ரெய்டை 'புதிதாக உருவாக்கு' கட்டளையால் எழுப்பப் பார்க்காதீர்கள். டிஸ்க் வரிசை ஒன்று மாறினாலும் டேட்டா அழியலாம்! முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் நிகழ்வு எண்ணையும் பாருங்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் டேட்டா உயிரோடுதான் இருக்கிறது!