மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை ஏன் திணறுகிறது?

ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும்; படம் மட்டும் நின்று நின்று ஓடும். உடனே ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான் நம் கை வைத்தியம். அதற்கு முன், மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள். அப்போதும் திணறினால் கோளாறு ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கலாம். சீராக ஓடினால், பெரும்பாலும் சிக்கல் காற்றில்தான்.

பல வீடுகளில் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. அடுப்பின் ஆற்றல் பல நூறு வாட். ரவுட்டருடையது ஒரு வாட்டுக்கும் குறைவு. கதவிடுக்கில் கசியும் அலை நமக்குத் தீங்கு செய்யாது, ஆனால் ரவுட்டரின் மெல்லிய குரலை அமுக்கப் போதும்.

அடுக்குமாடியில் பெரிய தொல்லை அண்டை வீட்டு ரவுட்டர்கள். அலைவரிசைக்குள் ஒரே சேனலில் (சிறு பிரிவில்) இருப்பவை, மற்றது பேசி முடிக்கும்வரை காத்திருந்து முறைவைத்துப் பேசும். வேகம் குறையும், அவ்வளவே. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஒவ்வொரு ரவுட்டரும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான தேர்வு 1, 6, 11. காலியாக இருக்கிறதே என்று 3-ஐப் பிடித்தால், 1, 6 இரண்டிலிருந்தும் இரைச்சல் வரும். அங்கே முறைவைப்பும் ஒழுங்காக நடக்காது.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசலும் குறையும், அடுப்பும் குறுக்கிடாது. ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது அந்த அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தால், எந்த அலைவரிசையும் உதவாது.